கொப்பரைக் களத்தில் ஓடிய கார்

அந்தக் கார் சாய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தளம். அதன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நானும் வேணியின் அப்பாவும் நின்றிருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தாரும் பெட்ரோலும் கலந்த வாசனை. வேணியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கி விடுவதுமாக இருந்தார்.

நேர்ப்பாதையில் எங்கள் கார் இரைந்துகொண்டு வந்தது. ஒற்றை இருக்கை, பைக் எஞ்சின், கூரை கிடையாது. உள்ளே என் தோழி வேணி. முதல் வலது வளைவில் அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். காரின் மூக்கு சட்டென்று உள்ளே பாய்ந்தது. உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. பின்சக்கரங்கள் வெளியே வீசிக்கொண்டு போயின. ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்தபடி கார் புல்தரையில் போய் நின்றது.

"என்னத்தா ஆச்சு?" என்றார் அவர், அவ்வளவு தூரத்தில் இருந்த மகளிடம்.

வேணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை உயர்த்திக் காட்டினாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். அடிபட்டிருந்தால் ஊரே வந்து விசாரித்திருக்கும். எங்களுக்கு நடந்ததை யாரும் விசாரிக்கக்கூட இல்லை.

அன்று நடந்தது பந்தயம் அல்ல, தேர்வு. சொந்தமாகச் செய்த காரோடு வருகிறவர்களை ஓட்டவிட்டுப் பார்த்து, ஒருவரை மட்டும் அடுத்த சீசன் முழுக்கத் தங்களுக்காக ஓட்ட எடுத்துக்கொள்வதாக ஒரு பந்தய அணி அறிவித்திருந்தது. காலையில் ஒரு ஓட்டம், மதியம் ஒரு ஓட்டம், அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு பந்தய ஓட்டுநர் ஆக நினைக்கிற ஒரு பெண்ணுக்கு வேறு வாசல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வேணிக்கும் தெரியவில்லை.

இழுக்குதுக்கா

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் இரவல் வாங்கிப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கிரேஸ். தேனியில் கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றார். பேரிங் பெட்டிகளுக்கு நடுவே வேதவசன காலண்டர் தொங்கும் கடை அது. அந்தக் கடையின் பின்பக்கத்தை இடித்துத்தான் என் கடை வந்தது.

"வண்டி லெஃப்ட்ல இழுக்குதுக்கா" என்று வருவார்கள். சரிசெய்து கொடுத்தால் அடுத்த நாளே "இப்ப ரைட்ல இழுக்குற மாதிரி இருக்குக்கா" என்பார்கள். குழியில் விட்டது, டயரை மாற்றாதது, காற்றே பார்க்காதது எல்லாவற்றுக்கும் அலைன்மென்ட்தான் மருந்து என்று இந்த மாவட்டமே நம்புகிறது. குச்சனூர் சனி கோயிலுக்குப் போய் எள் தீபம் ஏற்றியும் சரியாகாத வண்டிகள் கடைசியில் என்னிடம் வந்து சேரும்.

எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் ஒரு வண்டியின் முன்சக்கரங்களை எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. முன்பக்கம்தான் என் பாடம். கல்லூரியில் அது என் தலையில் வந்து விழுந்த கதை சுவாரசியமானது.

கடைசி வருடம், மாணவர்களே பந்தயக் கார் செய்து கொண்டுவரும் ஒரு போட்டிக்காக எங்கள் வகுப்பு ஒரு கார் செய்தது. பையன்கள் எல்லாருக்கும் எஞ்சின் வேண்டும். எஞ்சின் சத்தம் போடும், போட்டோவில் நன்றாக விழும். முன் சஸ்பென்ஷன் யாருக்கும் வேண்டாம். "கிரேஸ் பாத்துக்கும்பா" என்று சொல்லிவிட்டு அத்தனை பேரும் எஞ்சினைச் சுற்றி நின்றுகொண்டார்கள். போட்டி அன்று அந்த எஞ்சின் சூடாகி, பாதி வழியில் நின்று, அதைத் தள்ளிக்கொண்டு வந்ததில் என் முன்சக்கரங்கள் அருமையாக உருண்டன. அதை நான் பல வருடங்கள் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அளவெடுக்க வந்தவள்

வேணி மெக்கானிக்கல் படிக்கவில்லை. அதே வளாகத்தில் இருந்த கலைக் கல்லூரியில் பி.காம். சாப்பாட்டு இடைவேளையில் என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறக்கும் உரிமை அவளுக்கு மட்டும் உண்டு.

முன்பக்கத்தை நான் வரைந்த வரைவில் ஓட்டுநரின் கால் வைக்கும் இடம் ஒடுங்கிப் போயிற்று. சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகள் நீளமாக இருந்தால் கார் சாயும்போது டயர் நன்றாக நடந்துகொள்ளும். அதற்காக நடுச் சட்டத்தைக் குறுக்கியிருந்தேன். உயரமான பையன்களுக்கு முழங்கால் இடித்தது. ஆள் மாட்டுமா என்று பார்க்க ஒரு சின்ன உருவம் தேவைப்பட்டது. வேணியை இழுத்து வந்து உட்காரவைத்தேன்.

அவள் உட்கார்ந்தாள். பெடலை மிதித்துப் பார்த்தாள். "ஒரு சுத்து ஓட்டிப் பாக்கவா?" என்றாள்.

பட்டறைக்குப் பின்னால் காலி மைதானம். பையன்கள் சிரித்தார்கள். அவள் போய்விட்டுத் திரும்பி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அனுமந்தன்பட்டித் தோப்பில் அப்பாவின் ஜீப்பையும் டிராக்டரையும் கால் எட்டாத வயதிலிருந்தே ஓட்டியவள் என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்த வாரமே அவள்தான் ஓட்டுநர் என்று முடிவாயிற்று.

படிப்பு முடிந்ததும் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் காரை எடுத்துட்டுப் போயிருங்கம்மா, இடத்தை அடைக்குது" என்றார். அடுத்த நாள் காலையில் வேணியின் அப்பா தேங்காய் லாரியோடு வந்து நின்றார். அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத ஓட்டவா என் மக ஆசப்படுது?" என்று கேட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இருக்கையில் இருந்த தூசியைத் தட்டினார்.

உள்ளங்கை அளவு

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

ஒரு கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது அந்த நான்கு உள்ளங்கைகள் மட்டுமே. கார் திரும்பும்போது எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும். மேட்டுச் சாலையில் ஜீப் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் போய் நசுங்குவதைப்போல. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் போகும் பெண்களைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அந்த ஜீப்களில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை இங்கே எழுதினால் ஆர்.டி.ஓ. எனக்குப் போன் போடுவார்.

கார் சாயும்போது டயரும் சேர்ந்து சாய்ந்தால் உள்ளங்கை தரையை விட்டுக் கிளம்பி, விளிம்பு மட்டும்தான் தொடும். அதைத் தடுப்பதற்காகச் சக்கரத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு முக்கோணக் கைகள் பிடித்திருக்கும். மேல் கை குட்டை. கார் சாயச்சாய அந்தக் குட்டைக் கை டயரின் தலையை உள்ளே இழுத்து, தரையோடு படிய வைக்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று முறுக்குக் கம்பிகளும் உண்டு. கார் அளவுக்கு மீறிச் சாயாமல் அவை பார்த்துக்கொள்ளும். எந்தக் கம்பி விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து வெளி டயர் அதிகமாகச் சுமக்கும், அந்தப் பக்கம் முதலில் பிடியை விடும்.

முன்பக்கம் பிடி விட்டால் கார் திரும்பாமல் நேராகப் போகும். பின்பக்கம் பிடி விட்டால் வால் வீசும். இரண்டும் இல்லாமல் நடுவில் ஒரு நிலையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் காரில் அத்தனை திருகுகள் இருக்கின்றன. பாடம் முடிந்தது.

களம்

தேர்வு பற்றிய அறிவிப்பு வந்தபோது எங்களுக்குக் கார் இருந்தது, ஓட்ட இடம் இல்லை. கம்பம் சாலையில் திராட்சை லாரிகளும் சபரிமலை வேன்களும் போகும். அதில் நம்பர் பிளேட் இல்லாத காரை இறக்க முடியாது. பைபாஸ் வேலை நடந்த இடத்தில் கேட்டோம். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்கள்.

சித்தப்பாதான் சொன்னார். "நம்ம களம் சும்மாதான கெடக்கு. அங்கன ஓட்டுங்க."

களம் சும்மா கிடக்கவில்லை. தோப்புக்கு நடுவே பரந்து கிடந்த அந்தச் சிமெண்டுத் தரை முழுக்கக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. பிளந்த தேங்காய்கள் வெள்ளையாக வானத்தைப் பார்த்துக் கிடக்கும். கிட்டப் போனால் இனிப்பான ஓர் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறும், வீட்டுக்குப் போன பிறகும் துப்பட்டாவில் இருக்கும். அந்தக் கொப்பரையை எல்லாம் ஒரு பாதிக்கு ஒதுக்கிவிட்டு மறுபாதியை எங்களுக்குக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. நாங்கள் வருகிற நாளெல்லாம் விடியும் முன்பே ஆள்விட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்துத் தயாராக வைத்திருப்பார்.

முதல் நாள் நான் அந்தக் களத்தில் கால் வைத்ததும் வழுக்கி உட்கார்ந்தேன். கொப்பரை திருப்பிக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கொட்டிச் சிரித்தார்கள்.

"கடைத்தெருப் பிள்ளைக்குக் களத்துல நடக்கத் தெரியல ஆத்தா!"

வேணி வந்து தூக்கிவிட்டு, பாதத்தை முழுசாக ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக எடுத்து வைத்துக் காட்டினாள். களத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாது. ரெண்டு வாரத்தில் நானும் அப்படி நடக்கப் பழகிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தரை வழுக்கும் என்ற எண்ணமே எங்கள் யாருக்கும் வரவில்லை.

சிரட்டைகளைக் கவிழ்த்துவைத்து வளைவுகள் அமைத்தோம். வேணி ஓட்டினாள். முதல் சுற்றிலேயே முன்சக்கரம் சிரட்டைகளை நொறுக்கிக்கொண்டு நேராகப் போயிற்று.

"மூஞ்சி சொன்னபடி கேக்க மாட்டேங்குதுடி" என்றாள்.

மூஞ்சி என் இலாகா. முன்பக்க முறுக்குக் கம்பியைத் தளர்த்தினேன். கொஞ்சம் கேட்டது. பின்பக்கத்துக்கு விறைப்பான கம்பி போட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டது. முன் டயர்களின் தலையை மேலும் உள்ளே சாய்த்தேன், மூக்குகளை வெளியே பார்க்கத் திருப்பினேன், காற்றைக் குறைத்தேன். வாராவாரம் கார் மேலும் மேலும் கூர்மையாகிக்கொண்டே வந்தது. வேணியும் அதற்கேற்ப ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். வளைவு வருவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்து, அதே நொடியில் ஆக்ஸிலரேட்டரை ஓர் அமுக்கு அமுக்குவாள். பின்பக்கம் லேசாக நழுவி, மூக்கைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் வைக்கும்.

பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சித்தப்பா களத்து ஓரத்தில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கை தட்டுவார். "எங்க ஆத்தா காருல கோலம் போடுதுய்யா" என்று சாலையில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

கார் கொஞ்சமும் சாயாமல் தாம்பாளம்போலச் சுற்றி வந்தது. என் சஸ்பென்ஷனின் பெருமை அதுதான் என்று நான் நினைத்தேன். வேணியின் அப்பா நினைத்தார். வேணியும் நினைத்தாள். அந்த மாதங்களில் நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

எந்தக் களமுங்க?

புல்தரையில் நின்ற காரைத் தள்ளிக்கொண்டு வந்தோம். வேணி தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. காலை ஓட்டம் முடிந்துபோயிற்று. மதியம் ஒன்று மீதம் இருந்தது.

அணியின் தேர்வாளர் வந்தார். நரைத்த மீசை, கையில் டீ கிளாஸ், தணிந்த குரல். குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தார். பின்பக்கக் கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதை எங்க வெச்சு ஓட்டிப் பாத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "எங்க களத்துலதான் சார். தெனம் கழுவிவிட்டுத்தான் ஓட்டுனது."

"எந்தக் களமுங்க?"

"கொப்பரைக் களம்."

அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாம் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

தலைமுறையாகத் தேங்காய் காய்ந்த சிமெண்டு. எண்ணெய் அதன் உள்ளே ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் தூசி போகும், எண்ணெய் போகாது. அந்தத் தரையில் எந்த டயரும் உண்மையில் பிடிக்கவே இல்லை. பிடிக்காததால்தான் கார் சாயவில்லை. பிடிக்காததால்தான் மூக்கு கேட்கவில்லை. வழுக்குகிற தரையோடு மல்லுக்கட்டி, முன்பக்கம் கடிக்கிற மாதிரியும் பின்பக்கம் நழுவுகிற மாதிரியும் ஒரு காரைச் செதுக்கி எடுத்து வந்து, அதைத் தார்த்தரையில் விட்டோம். இங்கே முன்பக்கம் கடித்தது, கார் சாய்ந்தது, விறைப்பான பின்பக்கம் தாங்க முடியாமல் வீசிவிட்டது.

"மதியத்துக்குள்ள மாத்திக்கலாமுங்க" என்றார் அவர். "வண்டி நல்ல வண்டிதான்."

மதியம்

பின்பக்கக் கம்பியைக் கழற்றினேன். முன் டயர்களை நேராக்கினேன், காற்றை ஏற்றினேன். அணியின் ஓட்டுநர் ஒருவர் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காரை எடுத்துக்கொண்டு போனார். கார் வளைவில் நிதானமாகச் சாய்ந்தது, டயர் படிந்து நின்றது, அடுத்த வளைவுக்குச் சிக்கலில்லாமல் போயிற்று. நான் காகிதத்தில் வரைந்தது எல்லாம் அப்படியே நடந்தது. இறங்கி வந்து, "முன்பக்கம் யார் பண்ணது? அருமையா இருக்கு" என்றார்.

வேணி அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

பிறகு அவள் ஏறினாள். காரை மாற்றிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. அவள் கைகளுக்கு என்ன செய்வது? மாதக்கணக்கில் அந்தக் கைகள் வெடுக்கென்று ஒடிக்கப் பழகியிருந்தன, அந்தக் கால் அமுக்கப் பழகியிருந்தது. இரண்டையும் செய்யக் கூடாது என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனால் அவற்றுக்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவகாசம் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கார் தயங்குவதை வேலியில் நின்றபடி பார்த்தேன். அதுவரை யோசித்து ஓட்டி நான் பார்த்ததே இல்லாத ஒருத்தி, அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் யோசித்தாள். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் சுற்றவில்லை. மெதுவாக, பத்திரமாக ஓட்டி முடித்தாள்.

தேர்வாளர் அவளிடம் நேரில் வந்து சொன்னார். "அம்மிணி, வளைவுக்குள்ள போறதுக்கு முந்தியே நீங்க பயந்துட்டீங்க. வேற ஒண்ணுமில்லீங்க." இடம் வேறு ஒரு பையனுக்குப் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, அணியின் பட்டறையில் முன் சஸ்பென்ஷன் வேலைக்கு வர விருப்பமா என்று கேட்டார். நான் லாரிக்குத் திரும்பி வந்து இதை எப்படிச் சொல்வது என்று நின்றேன். வேணியே முந்திக்கொண்டாள்.

"கூப்பிட்டாகளா?"

"ஆமாடி."

"போ. வண்டி பாஸாயிருச்சுல்ல, அது போதும்."

நான் போனேன். போயிருக்கக் கூடாது என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவளும் கூட வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

கழுவித்தானே விட்டேன்

லாரியில் ஊருக்குத் திரும்பினோம். சாயங்காலம் தேவதானப்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். வேணி இறங்கிப் போனாள். சித்தப்பா இறங்கவில்லை. முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா கிரேசு" என்றார். "கழுவித்தானே விட்டேன்?"

"ஆமா சித்தப்பா. நல்லாத்தான் கழுவுனீங்க."

"அவுக ஏன் அப்படிக் கேட்டாக?"

எண்ணெய் சிமெண்டுக்குள் ஊறியிருப்பதை நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று யாராவது நினைக்கலாம். அவர் விட்டிருக்க மாட்டார். கேட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். வேணி டீயோடு வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சூடா இருக்கா?" என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் நான் கோவைக்குக் கிளம்பும் முன் தோப்புக்குப் போனேன். களத்தில் கொப்பரை இல்லை. அவர் ஒருவராகக் குத்தவைத்து உட்கார்ந்து, இரும்பு பிரஷ்ஷால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளியில் சோடா கரைத்து வைத்திருந்தார். அவ்வளவு பெரிய களத்தில் அவர் தேய்த்த இடம் ஒரு பாய் விரிக்கும் அளவுதான் வெளுத்திருந்தது.

"எத்தன தடவ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறாரு" என்றாள் வேணி. பிறகு அவரிடம், "அப்பா, போதும். நான் இனிமே ஓட்டலைப்பா. எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. அவள்தான் போய்க் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள்.

போன மாசம்

கோவையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பையன்களும் பெண்களுமாக எத்தனையோ பேர் ஓட்ட வந்தார்கள். ஒருவர் இரண்டு வளைவு எடுத்தால் போதும், டயரைத் தொட்டுப் பார்த்து இவர் ஓட்டுவார், இவர் ஓட்டமாட்டார் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்பாவுக்கு முடியாமல் போனதும் தேனிக்குத் திரும்பினேன், கடை போட்டேன்.

வேணி தோப்பையும் களத்தையும் இப்போது தானே பார்க்கிறாள். கொப்பரை வியாபாரத்தில் அவளைக் கண்டால் காங்கேயம் தரகர்கள்கூட விலையைக் குறைத்துச் சொல்லத் தயங்குவார்கள். சித்தப்பா போன வருடம் தவறிவிட்டார். சாவு வீட்டில் அவள் அழுத அழுகை எனக்கு மட்டும் வேறு மாதிரி கேட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

போன மாதம் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தாள். லெஃப்ட்டில் இழுக்கிறதாம். நான் வண்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைத் திருப்பும் ராடைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு எதிரே நின்று, சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் நல்லா ஓட்டுவேனாடி?"

"நல்லாத்தானே ஓட்டுற. நீதான் ரோட்டுக் குழிய எல்லாம் பாத்துப் பாத்து விடுறியே."

"இதக் கேக்கல. அது."

ஸ்பேனர் என் கையில் அப்படியே நின்றது. இத்தனை வருடத்தில் அந்தப் பந்தயக் காரைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

"அப்பா இருந்தவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். "நான் நல்லா ஓட்டுறவதான்னு நீ சொல்லிட்டா, அவுக களத்தாலதான் போச்சுன்னு ஆயிரும். அவுகளால தாங்க முடியாது. இப்ப சொல்லு."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. எண்ணெய்த் தரையில் அவள் போட்ட வட்டங்களை நான் பார்த்திருக்கிறேன், தார்த்தரையில் அவள் பயந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் அவள் இல்லை. சரியான காரில், சரியான தரையில், பயமில்லாமல் அவள் ஒரு வளைவு எடுத்துக்கூட நான் பார்த்ததில்லை. யார் யாரையோ பார்த்துத் தீர்ப்புச் சொன்ன எனக்கு அவளைப் பற்றி மட்டும் தெரியாது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

"தெரியலடி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "நல்ல தரையில ஓட்டித் தோத்திருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும்ல" என்றாள். பிறகு, "உனக்கே தெரியலைன்னா இனிமே யாருக்கும் தெரியாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. குனிந்து ராடை முறுக்கினேன்.

வேலை முடிந்தது. வண்டியை எடுத்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து நின்றேன். எதிரே கம்பம் ரோட்டுக்குத் திரும்புகிற வளைவு. அந்த ஒரு வளைவையாவது அவள் எப்படி எடுக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும்போல இருந்தது. அவளுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. வேணி இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, அதன் பின்னாலேயே மெதுவாகத் திரும்பிப் போனாள்.